குதிரையையும் அதைப் பார்த்துக்கொள்பவரையும் படமெடுக்க: புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

குதிரைக்கும் அதை வளர்க்கும் மனிதருக்கும் இடையில் இருக்கும் நெருக்கத்தைப் படமெடுக்க வேண்டும் என்று புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்துகொண்டு நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாரிடம் கேட்பது, எந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்த மாதத்தில் போவது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்வார் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரிடம் அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கேமராவைப் பற்றிய பேச்சு இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில்தான் வருகிறது, ஏனெனில் இந்த வேலையில் கேமராவுக்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் படத்தைத் தீர்மானிக்கின்றன.

1. குதிரையைத் தேடாமல் ஆளைத் தேடுங்கள்

இந்தப் பகுதியில் குதிரை வைத்திருப்பவர்களைப் பல இடங்களில் பார்க்கலாம். திருமண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டியும் குதிரையும் வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆரோவில் பக்கம் குதிரையேற்றப் பயிற்சி தரும் இடம் இருக்கிறது. கிராமங்களில் ஆசைக்காக ஒன்றோ இரண்டோ குதிரை வளர்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இவர்களில் யாரிடம் உயரமான வெள்ளைக் குதிரை இருக்கிறது என்று விசாரித்து, அதை அலங்கரித்து, பக்கத்தில் நல்ல உடை உடுத்திய ஒருவரை நிறுத்திப் படமெடுக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் குதிரை அழகாக இருக்கும், மனிதரும் அழகாக இருப்பார், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது என்பதும் பளிச்சென்று தெரியும்.

குதிரைக்கு யாரைத் தெரியுமோ அவரே உங்கள் படத்தில் இருக்க வேண்டியவர். அவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. விடியற்காலையில் தண்ணீர் காட்டி, கொள்ளு ஊறவைத்து, சாணம் அள்ளி, உடம்பு தேய்த்து விடுகிறவர் வேறொருவராக, பல வேளைகளில் சம்பளத்துக்கு இருப்பவராக, சில வீடுகளில் உரிமையாளரின் தாயாராகவோ பள்ளிக்குப் போகும் மகளாகவோ இருப்பார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தீனி வைக்கும் நேரத்தில் லாயத்துக்குப் போய் ஓரமாக நிற்பதுதான். யாருடைய காலடி கேட்டதும் குதிரையின் காதுகள் முன்னால் திரும்பி, கழுத்து நீள்கிறதோ, அவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கடம் வரும். படம் என்றதும் உரிமையாளர் தம் மகனையோ தம்மையோ நிறுத்தவே விரும்புவார். அது அவர் உரிமை, அதை மறுத்துப் பேசிப் பகைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அவர் விரும்பும் படத்தை நன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு குதிரையைப் பார்த்துக்கொள்பவருடனும் எடுக்கலாமா என்று அவர் முன்னிலையிலேயே கேளுங்கள். பார்த்துக்கொள்பவரை "அண்ணே" என்றோ, வயதில் மூத்தவரானால் "ஐயா" என்றோ அழைத்து, அவரிடமும் தனியாகச் சம்மதம் கேளுங்கள். உரிமையாளர் சரி என்று சொல்லிவிட்டதால் அவரும் சரி என்றதாகக் கொள்ளக்கூடாது.

2. முதல் முறை கேமரா இல்லாமல் போங்கள்

இதை வீண் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் இதை விட்டுவிடவே கூடாத படியாகக் கருதுகிறேன். அந்தக் குதிரை எதற்கு மிரளும், எந்தப் பக்கம் ஆள் வந்தால் பொறுக்கும், எந்த இடத்தில் சொறிந்துவிட்டால் கண்ணைச் சொக்கி உதட்டை நீட்டும் என்பது அதைப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குதிரையின் பார்வையைப் பற்றி அடிப்படையான சில செய்திகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கிறது. ஆனால் நேர் பின்னாலும், நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னால் மிக அருகிலும் அதற்குத் தெரியாத இடங்கள் உண்டு. ஆகவே நேர் முன்னால் வந்து முகத்தை நோக்கிக் கையை நீட்டுவதும், பின்னாலிருந்து அணுகுவதும் தவறு. தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக, பேசிக்கொண்டே நடந்து வர வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் அதன் கண் மெல்லத்தான் பழகும் என்பதால், லாயத்தின் வாசலைக் கடக்கும்போது அது தயங்கி நிற்பதைப் பிடிவாதம் என்று எண்ணி இழுக்க வேண்டாம்.

காதுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முன்னால் நிமிர்ந்திருந்தால் கவனம், பக்கவாட்டில் தளர்ந்திருந்தால் ஓய்வு, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் இரு பக்கமும் கேட்கிறது, இரண்டும் பின்னால் கழுத்தோடு ஒட்டிப் படிந்தால் கோபம். பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் ஊன்றி நிற்பது பெரும்பாலும் ஓய்வின் அடையாளம். ஆனால் அதே நேரத்தில் காதுகள் படிந்து வாலும் விசிறினால் அது உதைக்கப் போவதற்கான எச்சரிக்கை. கண்ணின் வெள்ளை தெரிந்தால், நாசித் துளைகள் விரிந்தால், தலை மேலே தூக்கியபடி இருந்தால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்திவிடுங்கள். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளின் காதுகள் நுனியில் உட்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று நோக்கும். அது இனத்தின் இயல்பு.

குதிரையின் உடம்பிலுள்ள சுழிகளைப் பற்றி வளர்ப்பவர்கள் நிறையச் சொல்வார்கள். எந்தச் சுழி நல்லது, எது ஆகாது என்று உங்கள் கருத்தைச் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனை விலை வரைக்கும் பாதிக்கும் பேச்சு அது. உங்களுக்கு அது பயன்படும் இடம் வேறு: குதிரையை அடையாளம் எழுதும்போது நிறம், நெற்றியிலும் கால்களிலும் உள்ள வெள்ளை, சுழிகள் இருக்கும் இடம் ஆகியவற்றைத்தான் கால்நடை மருத்துவர்களும் குறிக்கிறார்கள்.

3. எந்த எல்லைக்குள் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் இது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் யூனியன் பிரதேசமும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. கிருமாம்பாக்கமும் பாகூரும் புதுச்சேரி. ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். புதுச்சேரி என்றே பலரும் எண்ணும் ஆரோவிலின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். நீங்கள் அனுமதி கேட்டுச் சென்ற அலுவலகத்துக்கு அந்த இடத்தின் மேல் அதிகாரமே இல்லாமல் போகலாம். ஆகவே இடத்தை முடிவு செய்ததும், "இது எந்தக் காவல் நிலைய எல்லை?" என்று உள்ளூரில் இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டுப் பிறகு அலுவலகம் ஏறுங்கள்.

லாயத்திலோ சொந்த நிலத்திலோ எடுப்பதானால் உரிமையாளரின் சம்மதம் போதும். புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் குதிரையுடன் எடுக்க ஆசைப்படுபவர்கள் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்: மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை அந்தச் சாலையில் வாகனங்களுக்கு இடமில்லை, ஆகவே குதிரையை ஏற்றி வரும் வண்டி அருகில் வராது. அந்த நேரத்தில்தான் நடைப்பயிற்சிக்கு மக்கள் திரள்வார்கள். மேலும் அங்கே கரையின் பெரும்பகுதி பாறை. நகராட்சியிடமும் காவல் நிலையத்திடமும் எழுத்தில் அனுமதி பெற்றாலும், அந்தக் கூட்டத்தில் குதிரையும் அதன் ஆளும் தம் இயல்பில் இருக்க மாட்டார்கள். என் கருத்தில் அந்த இடம் இந்த வகைப் படத்துக்கு ஏற்றதன்று. அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே குதிரையைக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை அகலமான மணல் உள்ள இடம். ஆனால் மீனவ ஊர்களின் கரையில் எங்கே எடுத்தாலும், அரசு அனுமதி ஒருபுறம் இருக்க, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்னதாகச் சொல்லிவிடுவது மரியாதையும் முன்னெச்சரிக்கையும் ஆகும். வலை காயும் இடத்தில் குளம்பு பட்டால் வலை அறுந்துபோகும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும்; அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அந்த மாதங்களில் இரவில் குதிரையுடன் கரைக்குப் போகாதீர்கள். பகலிலும் மேட்டு மணலைத் தவிர்த்து, அலை நனைத்த மணலிலேயே நடத்துங்கள். அது குதிரைக்கும் நல்லது, ஏனெனில் ஆழமான உலர் மணல் அதன் கால் தசைநாண்களை இழுத்து வருத்தும்.

டிரோனைப் பற்றி ஒரு சொல். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ளது நானோ வகை. அதற்கு ஓட்டுநர் சான்று தேவையில்லை என்றாலும் வான்வெளி வரம்புகள் அதற்கும் உண்டு. இலாசுப்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் புதுச்சேரி நகரத்தைச் சுற்றி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் பறக்கவிடக் கூடாது. சட்டம் இடம் கொடுத்தாலும், தலைக்கு மேல் இரையும் பொருளைக் கண்டு மிரளாத குதிரை அரிது. இந்தப் பணிக்கு டிரோன் வேண்டாம்.

4. தாள்கள்

இரண்டு சம்மதக் கடிதங்கள் வேண்டும்: ஒன்று குதிரையின் உரிமையாளரிடமிருந்து, மற்றொன்று படத்தில் இருப்பவரிடமிருந்து. போட்டிக்கோ பத்திரிகைக்கோ அனுப்பும்போது இவற்றைக் கேட்பார்கள். அப்போது போய் வாங்குவது கடினம். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் படிவத்தை நீட்டாதீர்கள். வெள்ளைத் தாளில் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பெயர், முகவரி, குதிரையின் பெயரும் அடையாளமும், நாள், இடம், படங்களை எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள், விளம்பரத்துக்கு விற்பீர்களா மாட்டீர்களா, எவ்வளவு பணம் கொடுத்தீர்கள், எத்தனை அச்சுப் படங்கள் கொடுப்பீர்கள், அவர் பெயரைப் படத்துடன் போடலாமா என்பவை அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, அவர் நம்பும் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். கையெழுத்தான தாளின் நகலை அவர்களிடமும் கொடுங்கள்.

பதிப்புரிமையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகச் சென்று எடுத்த படத்துக்கு நீங்களே முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் அவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். குதிரைக்காரர் அன்பாக "செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று பணம் கொடுத்தால் அதை வாங்காதீர்கள், அல்லது உரிமை யாருக்கு என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

குதிரையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வண்டியில் ஏற்றிச் செல்வதானால், 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். பாகூரிலிருந்து கடலூருக்குப் போவதும் மாநில எல்லையைத் தாண்டுவதுதான். அந்தச் சான்று, வண்டி, அதில் குதிரைக்கு ஏற்படும் களைப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டால், குதிரை இருக்கும் இடத்துக்கு நீங்கள் போவதே நல்லது. அது நடந்தே போகக்கூடிய தூரத்துக்குள் உங்கள் பின்னணியைத் தேடுங்கள்.

திரைப்படம், விளம்பரப் படம் போன்றவற்றுக்கு விலங்கைப் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. யாராவது ஒரு நிறுவனம் உங்கள் வேலையைப் பார்த்து விளம்பரத்துக்கு அழைத்தால், அந்த அனுமதியை யார் வாங்குவது என்று முடிவான பிறகே நாள் குறியுங்கள்.

உங்கள் உடம்புக்கும் ஒரு தாள் வேண்டும். இரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கும். தடுப்பூசி போட்டுக் காலம் ஆகியிருந்தால் முன்னதாகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் சளி ஒழுகும், தோலில் புண் உள்ள குதிரையின் அருகே போகாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவும்.

5. செலவு

லாயத்திலேயே, அவர்களின் அன்றாட வேலைக்கு இடையூறின்றி ஒரு காலைப் பொழுது எடுத்தபோது, பார்த்துக்கொள்பவரின் கையில் 500 ரூபாயும், உரிமையாளரிடம் கேட்டு குதிரைக்குக் கொஞ்சம் பசும்புல்லும் கொள்ளும் கொடுத்தேன். குதிரையைக் கரைக்கோ தோப்புக்கோ வரவழைத்தால் அது அவர்களுக்கு ஒரு வாடகை வேளை. உரிமையாளருக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை என்று பேச்சு அமைந்தது. குதிரைக்குக் குதிரை, நாளுக்கு நாள் இது மாறும். முகூர்த்த நாளில் இந்தத் தொகைக்கு எவரும் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் முறையன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, உரிமையாளருக்குக் கொடுக்கும் பணம் பார்த்துக்கொள்பவருக்குப் போய்ச் சேரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதே. அவருக்குரியதை அவர் கையிலேயே கொடுங்கள். உரிமையாளருக்குத் தெரிந்தே கொடுங்கள். படத்தில் முகம் கொடுத்தவர் அவர்தான்.

தின்பண்டம் வாங்குவதில் தாராளம் காட்ட வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகாததைத் தின்றால் வயிற்று வலி வந்து உயிருக்கே ஆபத்தாகும். கேரட் கொடுப்பதானால் நீளவாக்கில் நறுக்கி, பார்த்துக்கொள்பவரின் சம்மதத்துடன், விரல்களை ஒட்டி விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதையும் படமெடுத்து முடித்த பிறகு கொடுங்கள், இல்லையென்றால் குதிரை உங்கள் பையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

6. மாதமும் நேரமும்

திருமணக் குதிரைகளுக்கு ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. உரிமையாளரிடம் பொறுமை இருக்கும், குதிரையும் களைப்பின்றி இருக்கும், தொகையிலும் இறங்கி வருவார்கள். இரண்டில் மார்கழியையே நான் பரிந்துரைப்பேன்: வெயில் தணிந்திருக்கும், காலையில் மூச்சு புகையாகத் தெரியாவிட்டாலும் பனி இறங்கிய மெல்லிய வெளிச்சம் கிடைக்கும், சூரியனும் 6.30 மணியை ஒட்டித்தான் உதிக்கும். மழை இன்னும் விட்டிருக்காது என்பதால் மாற்று நாள் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் காற்று பலமாக இருக்கும். பிடரி மயிர் பறப்பது அழகுதான், ஆனால் காற்றில் படபடக்கும் துணியும் பிளாஸ்டிக் பையும் குதிரையை மிரட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குரியவை. கத்திரி வெயிலில் காலை 8 மணிக்கு மேல் குதிரையை வெளியில் நிறுத்தாதீர்கள்.

நம் கடற்கரை கிழக்கு நோக்கியது என்பதை ஒளிக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடியலில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் உங்கள் முகத்தை நோக்கி வரும். குதிரையும் ஆளும் கருநிழலாகத் தெரிவார்கள், பிடரியின் ஓரத்தில் மட்டும் ஒளிக்கோடு விழும். அது ஓரிரு படங்களுக்குப் போதும்; நெருக்கம் என்பது கண்ணிலும் காதிலும் கையிலும் தெரிவது, நிழலுருவத்தில் இவற்றில் பாதி மறைந்துவிடும். முகம் வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டி நின்று, சவுக்குத் தோப்பையோ படகுகளையோ பின்னணியாக்கி எடுங்கள். மாலையில் இது தலைகீழாகும்: ஒளி நிலப்பக்கத்திலிருந்து வரும், கடல் நீலமாகப் பின்னால் இருக்கும், முகங்களும் தெளிவாக இருக்கும். மாலை 4.30 மணிக்கு மேல், மேற்கே உள்ள தோப்பும் கட்டடங்களும் சூரியனை மறைப்பதற்குள் இருக்கும் அந்தச் சிறிய நேரத்தைத்தான் நான் கடற்கரைக்கு ஒதுக்குவேன்.

லாயத்துக்கான நேரம் வேறு. அது அவர்களின் வேலையைப் பொறுத்தது. தீனி, குளிப்பாட்டல், உடம்பு தேய்த்தல், குளம்பு சுத்தம் செய்தல் ஆகியவை எப்போது என்று கேட்டு அதற்குப் போங்கள். லாடம் அடிப்பவர் ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வருவார். அந்த நாளை மட்டும் தவறவிடாதீர்கள். குதிரையின் காலைத் தம் மடியில் தாங்கிக்கொண்டு ஒருவர் குனிந்திருக்க, இன்னொருவர் அதன் முகத்தை அணைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். ஓடித் தப்புவதற்கென்றே அமைந்த காலை ஒரு மிருகம் மனிதரின் கையில் ஒப்படைத்து நிற்பதைக் காட்டிலும் நம்பிக்கையைச் சொல்லும் காட்சியை நான் பார்த்ததில்லை.

7. அருகில் நிற்கும்போது

பின்னங்கால்களிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளியே இருங்கள். மூடிய காலணி அணியுங்கள். தலைக்கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். படத்தில் இருப்பவரும் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் துப்பட்டா, திடீரென்று விரியும் குடை, ஒளியைத் திருப்ப மடக்கி விரிக்கும் வெள்ளித் தகடு ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். உதவிக்கு ஒருவரை மட்டும் அழைத்துச் செல்லுங்கள். நண்பர் கூட்டத்துடன் போனால் குதிரையின் காதுகள் பத்துத் திசைக்கும் திரும்பிக்கொண்டிருக்கும். கட்டவிழ்த்து விட்ட குதிரையின் முன் மண்டியிட்டு உட்காராதீர்கள்.

8. கேமராவை எப்படி அமைப்பது

முதலில் தூரம். அகலக் கோண லென்ஸை வைத்து அருகில் போனால் குதிரையின் மூக்கு பெருத்தும் உடம்பு சிறுத்தும் தெரியும். 85 முதல் 200 மில்லிமீட்டர் வரை வைத்துப் பின்னால் தள்ளி நில்லுங்கள். தூரம் இருந்தால் அவர்களும் உங்களை மறப்பார்கள். கைபேசியில் எடுப்பவர்கள் 2 மடங்கோ 3 மடங்கோ பெரிதாக்கும் லென்ஸைத் தேர்ந்து, நான்கைந்து மீட்டர் விலகி நின்றால் வடிவம் கெடாது. முழு உருவம் எடுக்கும்போது கேமரா குதிரையின் வயிற்று மட்டத்துக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகிவிடும்.

லென்ஸின் திறப்பளவில் (அபெர்ச்சர்) பெரும்பாலோர் இடறுகிறார்கள். தனி முகத்துக்கு எஃப் 2.8 நன்றாக இருக்கும். இங்கே வெவ்வேறு தூரத்தில் இரண்டு முகங்கள் இருக்கின்றன, ஒன்று மிக நீளமான முகம். எஃப் 4 அல்லது எஃப் 5.6 வையுங்கள், மனிதரின் கண்ணும் குதிரையின் கண்ணும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் அமையும்படி நீங்கள் நகர்ந்து நில்லுங்கள். அவர்களை நகர்த்தாதீர்கள். ஷட்டர் வேகம் நிற்கும்போது 1/250 நொடி, நடக்கும்போது 1/500, பாய்ச்சலுக்கு 1/1000க்குக் குறையாமல். ஓசையில்லாத மின்னணு ஷட்டர் லாயத்துக்கு ஏற்றது. ஓட்டத்தில் அது சில கேமராக்களில் கால்களை வளைத்துக் காட்டும், அப்போது சாதாரண ஷட்டருக்கு மாறுங்கள்.

ஒளி அளவில் கேமராவை அப்படியே நம்ப முடியாது. சட்டகம் முழுவதும் கறுப்புக் குதிரை நின்றால் கேமரா அதைச் சாம்பலாக வெளுத்துக் காட்டும், ஆகவே அளவைக் குறையுங்கள். வெள்ளைக் குதிரையானால் மங்கலாக்கிக் காட்டும், அளவைக் கூட்டுங்கள். வெள்ளைக் குதிரையின் பக்கத்தில் வெயிலில் கறுத்த முகமுடைய மனிதர் நிற்பது நம் ஊரில் வழக்கமாக அமையும் காட்சி. நேர் வெயிலில் இரண்டையும் ஒரே படத்தில் காப்பது கடினம். திறந்த நிழலுக்கு, அதாவது கூரையின் ஓரத்துக்கோ புளியமரத்தின் அடிக்கோ அவர்கள் தாமாக வரும் நேரத்தில் எடுங்கள். கேமரா திருத்தாமல் பதியும் ரா கோப்பாகவே எடுங்கள். படத்தைத் திருத்தும்போது மனிதரின் தோலை வெளுக்காதீர்கள்.

9. எந்தத் தருணத்துக்குக் காத்திருப்பது

"கட்டிப் பிடியுங்கள்", "முத்தம் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். கழுத்தைக் கையால் வளைத்து இறுக்குவது குதிரைக்குப் பழக்கமில்லாவிட்டால் அது காதைப் பின்னால் தள்ளி முகத்தைத் திருப்பும்; படம் பொய் சொல்லும். வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும். அந்த இடத்தில் சொறிந்துவிட்டால் அவற்றின் இதயத் துடிப்பு குறைகிறது என்பதை 1993இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பழகிய கை அந்த மேட்டுக்குத் தானாகவே போகும். அப்போது குதிரையின் தலை தாழும், கீழுதடு தொங்கும், இமை பாதி மூடும். அதற்காக விரலை ஷட்டரில் வைத்துக் காத்திருங்கள்.

காதுகள் முன்னால் நிமிர வேண்டும் என்பதற்காகத் தீனி வாளியைத் தட்டுவதும் சருகைக் கசக்குவதும் உண்டு. ஒருமுறை, இரண்டுமுறை செய்யலாம். அதற்கு மேல் குதிரை பழகிப்போகும், அல்லது எரிச்சலடையும். நெருக்கத்தைக் காட்டும் படத்துக்குக் காது உங்களை நோக்கியிருப்பதை விட, பக்கத்தில் நிற்பவரை நோக்கியிருப்பதே மேல். அவர் பேசும்போது அந்தப் பக்கத்துக் காது மட்டும் திரும்பும். அந்த நொடியில் எடுங்கள். படுத்திருக்கும் குதிரையின் அருகில் அதைப் பார்த்துக்கொள்பவர் உட்கார்ந்திருக்கும் காட்சி கிடைத்தால் அது பெரிய பேறு, ஏனெனில் ஆபத்து இல்லை என்று உணர்ந்தால்தான் குதிரை படுக்கும். அதைப் படுக்கச் செய்யும்படி எவரையும் கேட்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு குதிரையை வைத்திருக்காதீர்கள்.

10. படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

கடிதத்தில் எழுதிய அச்சுப் படங்களை இரண்டு வாரங்களுக்குள் நேரில் கொடுங்கள். உரிமையாளருக்கு ஒன்று, பார்த்துக்கொள்பவருக்குத் தனியாக ஒன்று; லாயத்தின் ஈரத்திலும் உப்புக்காற்றிலும் காகிதம் சுருளும் என்பதால் லேமினேட் செய்தே கொடுங்கள். வெளியிடப் போகும் படத்தை முன்னதாகக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிடுங்கள். திருமண வாடகைக்கான பேனரில் போட உரிமையாளர் படம் கேட்பார்; கொடுப்பதா, அதற்குத் தனித் தொகையா என்பதைக் கடிதத்திலேயே முடிவு செய்திருந்தால் மனக்கசப்பு வராது. கொடுப்பதானால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், அளவு சுருங்கிப் பேனரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆவணமாக இணைத்தோ பென்டிரைவில் ஏற்றியோ கொடுங்கள்.